சங்ககிரிக்குக் கொண்டுபோன சாவி

எங்கள் வீட்டுச் சாமித் தட்டில் ஒரு சாவி இருந்தது. இரும்புச் சாவி. ஒரு சாண் நீளம். வெள்ளிக்கிழமை சாமிக்குப் பொட்டு வைத்தால் அதற்கும் ஒன்று வைப்போம்.

அது சங்ககிரிக் கோட்டையின் சாவி. அப்படிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கொள்ளுத்தாத்தா கருப்பண்ணன் அந்தக் கோட்டை ராசாவின் வாசல் காவல்காரர். வெள்ளைக்காரன் கோட்டையைப் பிடிக்க வந்தபோது கதவைப் பூட்டி, சாவியை மடியில் கட்டிக்கொண்டு, இலங்கைக்குக் கப்பலேறிவிட்டார். மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டில் இருந்தாலும் நாம் கோட்டை வாசல் ஆட்கள். இது அப்பா சொன்னது. அவருக்கு அவர் அப்பா சொன்னது.

அந்தச் சாவியால் எங்களுக்கு ஒரு மரியாதை உண்டு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முதல் காப்பு எங்கள் வீட்டுக்கு. இப்போது கட்டிக்கொள்வது என் அண்ணன் முத்து. இந்த வருஷக் கூட்டத்தில் மேட்டு லயத்து ராமையா எழுந்து நின்றான். அவன் வீட்டில் ஒரு வாள் இருக்கிறது. ஜமீன் வாள் என்பான்.

"சாவின்னா ஒரு கதவத் தொறக்கணும். இது காலங்காலமா பொட்டு வாங்கிக்கிட்டுச் சும்மா கெடக்குது. போயி ஒரு கதவத் தொறந்து வீடியோ எடுத்துக் காட்டுங்க. இல்லாட்டி முதல் காப்பு எங்க வீட்டுக்கு வரட்டும்."

அண்ணனுக்கு முழங்கால் வலி. என்னைப் பார்த்தார். எனக்குக் கால் நன்றாக இருக்கிறது. மலையில் கொழுந்து எடுத்த கால். புறப்பட்டேன்.

விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி சாவியைத் தூக்கிப் பார்த்தார்.

"எந்தப் பூட்டுக்கு?"

"கோட்டைக்கு."

இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் சிரித்தார்கள். சாவியை விட்டுவிட்டார்கள். என் வெற்றிலைப் பையைத்தான் திரும்பத் திரும்ப மோந்து பார்த்தார்கள்.

சேலத்தில் இறங்கினேன். எங்கள் ஊரில் வெயில் விருந்தாளி. இங்கே வீட்டுக்காரர். சேலத்தைச் சுற்றி மலை இருக்கிறது. அதைத் தாண்டிப் போகப் போக நிலம் படுத்துவிட்டது. எங்கள் ஊரில் கண்ணைத் தூக்கினால் உடனே ஒரு மலையில் முட்டும். இங்கே பார்வை போய்க்கொண்டே இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கண் வலித்தது.

அதற்கு முன் சேலம் பஸ் நிலையத்துக்கு வெளியே தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவில் கேரட், பீட்ரூட் துருவல், சட்னி. ஒரே வாயில் போட வேண்டும். தெரியாமல் கடித்தேன். பாதி சேலையில் விழுந்தது. டீயும் குடித்தேன். கொழுந்து எடுத்தவள் டீயைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. நல்ல பால் என்று மட்டும் சொல்கிறேன்.

சங்ககிரி பஸ் நடுவழியில் நின்றது. டிரைவர் இறங்கிச் சக்கரத்தை உதைத்தார். சக்கரம் பதில் சொல்லவில்லை. எல்லோரும் இறங்கி ஒரு புளியமரத்து நிழலில் நின்றோம். யாரோ ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அறிமுகம் இல்லாத எனக்கும் ஒன்று வந்தது. கையால் சுற்றிய முறுக்கு. கல் மாதிரி இருக்கும் என்று பயந்தேன். தூளாக உடைந்தது.

"எங்கீங்கம்மா போறீங்க?" என்றார் முறுக்குக்காரர்.

"சங்ககிரிக் கோட்டைக்கு."

"அதெல்லாம் முட்டை வெள்ளைக்கரு ஊத்திக் கட்டுனதுங்க. அதான் இன்னும் அசையாம நிக்குது."

பக்கத்தில் முட்டை அட்டைகளைக் கீழே வைக்க மனமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். நாமக்கல்காரர்.

"ஏனுங்க, வாயிருக்குதுன்னு பேசப்படாது. இந்தக் கோழிப் பண்ணையெல்லாம் எங்கப்பன் காலத்துல வந்தது. அதுக்கு முந்தி ஊட்டுக்கு நாலு கோழி. அது போட்டா முட்டை, போடாட்டி இல்ல. அந்த மலை பூராம் மதில் கட்ட முட்டைக்கு எங்க போறது?"

"ராசா கேட்டா கோழி போடாதா?"

"போடுமுங்க. மஞ்சக்கரு என்னாச்சு? அத்தனை மஞ்சக்கருவையும் தின்னுபோட்டு ராசா படுத்திருந்தா எதிரி வரவே வேண்டீதில்ல."

புளியமரத்தடி முழுக்கச் சிரித்தது. நான் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முட்டை பொய்யாக இருக்கட்டும். சாவி என் கையில் இருக்கிறதே.

மறுநாள் காலையில் கோட்டைக்கு ஏறினேன். பாறை. படி. மறுபடி பாறை. ஒவ்வொரு வாசலிலும் நின்று கதவைத் தேடினேன். வாசல் நிறைய இருந்தது. என் சாவிக்கு ஏற்ற கதவு ஒன்றும் இல்லை.

மேல் வாசல் நிழலில் ஒருவர் வெள்ளாடுகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். சாவியைக் காட்டி, கொள்ளுத்தாத்தா கதையைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாவிங்களா? பரவால்லீங்க. மேல வாரவங்க எல்லாரும் சொரங்கம் எங்கன்னுதான் கேப்பாங்க. ஒருத்தர் மைசூருக்குப் போகுதும்பாரு. ஒருத்தர் திருச்செங்கோட்டுக்கும்பாரு. அப்படிச் சொரங்கம் இருந்தா நான் எதுக்கு இந்த வெயில்ல மலையேறி வாரேன்?"

"இது இந்த வாசல் சாவி."

"கோட்டைக் கதவுக்குச் சாவி ஏதுங்கம்மா?"

எழுந்து வந்து வாசலின் உள்பக்கக் கல்லைக் காட்டினார். ஒரு துளை. எதிர்ப்பக்கமும் ஒன்று. கையை விட்டேன். முழங்கை வரை போனது.

"உள்ள இருந்து இதுல கட்டையச் சொருகிருவாங்க. யானை முட்டுனாலும் நிக்கோணுமல்ல. சாவி போட்டுப் பூட்டீட்டு வெளியூர் போறதுக்கு இதென்ன மளிகைக் கடையா?"

நான் கையை வெளியே எடுத்தேன். அவரே தொடர்ந்தார்.

"உங்க கொள்ளுத்தாத்தா தேயிலைக்குப் போனாருன்னு சொல்றீங்க. இங்க வெள்ளைக்காரன் பட்டாளம் வந்து குந்துனது அதுக்கெல்லாம் ரொம்ப முந்திங்க. அவரு பொறந்தப்ப ராசாவும் இல்ல, பூட்டறதுக்கு ஆளும் இல்ல. யாரோ நல்லாக் கதை உட்டிருக்காங்க."

இறங்கும்போது சாவி கனத்தது. ஏறும்போது இப்படிக் கனக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாடு அடிவாரத்து மெஸ்ஸில். பள்ளிபாளையம் சிக்கன் என்றார்கள். கோழி, வரமிளகாய், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்களை ஏமாற்றி அழைத்துப் போன கங்காணி என்ன சொன்னான் தெரியுமா? தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்றான். கொள்ளுத்தாத்தா அதை நம்பிக் கடல் தாண்டினார். தேங்காய் இங்கே கோழிக்குள் கிடக்கிறது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "கதவு இல்ல" என்றேன்.

 "ராமையா கேட்டா என்னா சொல்றது?" என்றார். பிறகு, "சொந்த ஊர் ஒன்னு இருக்குல்ல, அங்கயும் போய்ப் பாத்துட்டு வா" என்றார். குரல் சின்னதாகிவிட்டது.

சொந்த ஊர் மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மினி பஸ்ஸில் போனேன். ஆட்கள் உள்ளே, தீவன மூட்டை என் மடியில். இறங்கியதும் டீக்கடை. பால்காரரைக் காணோம் என்று கடைக்காரர் திட்டிக்கொண்டிருந்தார்.

"பால் கொண்டாரேன்னு போனான். தொண்டுப்பட்டிக்காரன் வெத்தலைக்குப் போனாப்பல போயிட்டான்."

அது என்ன சொலவடை என்று நான் கேட்கவில்லை. ஊருக்கு ஊர் ஒன்று இருக்கும்.

பெஞ்சில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் என்னை விசாரித்தார். பெயர் பழனியப்பன். லாரி ஓட்டி ஓய்ந்தவர். வடக்கே எல்லா மாநிலமும் பார்த்தவர். சிலோனில் இருந்து வந்திருக்கிறேன் என்றதும் எழுந்துவிட்டார்.

"அப்ப நம்ம பீரங்கிச் செவுத்தப் பாக்காமப் போகப்படாது. வாங்க."

ஊர்க்கோடியில் ஒரு கல் கட்டிடம். கூரை இல்லை. நாலு பக்கமும் ஆள் உயரச் சுவர். ஒரு பக்கம் சுவர் பெரிதாக உடைந்து கிடந்தது.

"வெள்ளைக்காரன் பீரங்கிக் குண்டு பட்ட எடம்" என்றார் பழனியப்பன். "இது ஒரு சின்னக் கோட்டைங்க. எங்க பெரியய்யன், தாத்தனோட அப்பன், இந்த ஓட்டையில நெஞ்சக் காட்டி நின்னாரு. ஒருத்தன் உள்ள நொழையல. அடுத்த கோயில் நோம்பிக்குள்ள போர்டு வெக்கறம். பெயிண்டர்கிட்டச் சொல்லியாச்சு."

"மொதல்ல அந்த ஓட்டைய அடைக்கச் சொல்லுங்க அக்கா" என்றது பின்னால் ஒரு குரல். கையில் வேப்பந்தழைக் கட்டோடு ஒரு பெண். பழனியப்பனின் மனைவி சரசு. அவளுடைய ஆடுகளை அந்தச் சுவருக்குள்தான் அடைக்கிறாள். "இவரு சரித்திரத்துல பூந்து நாய் என்ற ஆட்டக் கடிச்சுப்போட்டுப் போகுது. நாலு கல்லு வெச்சு அடைங்கன்னா, பீரங்கி பட்ட எடத்த அடைக்கப்படாதுங்கறாரு. நாயிக்குத் தெரியுமா பீரங்கி?"

"பேசாத இரு சரசு. ஒறம்பரை வந்திருக்கறாங்க."

"ஒறம்பரைதான் கேக்கட்டுமே."

"வாசல் இல்லையா?" என்றேன்.

"இருக்குதுங்க அக்கா. தொறக்காது."

மறுபக்கம் கூட்டிப் போனாள். இரும்புக் கம்பிக் கதவு. அதில் தேங்காய் அளவு ஒரு பூட்டு. வெள்ளைக்காரன் சாபம் போட்டுப் பூட்டியதாம். தொட்டால் ஆகாது என்று பழைய இரும்பு வாங்குகிறவன்கூட விட்டுவிட்டானாம். கதவு பூட்டியே கிடக்க, ஊரே உடைந்த சுவர் வழியாகப் போய் வந்திருக்கிறது.

நான் குனிந்து பூட்டின் துளையைப் பார்த்தேன். பைக்குள் கையை விட்டேன்.

சரசு சாவியையும் துளையையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பழனியப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கதையைச் சொன்னேன். அவர் முகம் விளக்குப் போட்டது போல ஆனது.

"கோட்டைச் சாவி வந்திருச்சு! சங்ககிரி இல்லீங்கம்மா, இந்தக் கோட்டை! உங்க பாட்டன் பூட்டீட்டுப் போயிருக்கறாரு, எங்க பெரியய்யன் ஓட்டையில நின்னிருக்கறாரு. ரெண்டும் சேருது பாத்தீங்களா? நாளைக்கு ஊரக் கூட்டித்தான் தொறக்கோணும்!"

எனக்கும் சந்தோஷம்.  ராமையாவின் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

 சரசு பூட்டுக்குள் எண்ணெய் ஊற்றி ஊற வைத்தாள். ராத்திரி அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரு சாதம் போட்டாள். மேலே நெய். எங்கள் ரொட்டியையும் சம்பலையும் அன்று ஒரு வேளை மறந்தேன்.

காலையில் ஊர் கூடிவிட்டது. டீக்கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு என் போனைப் பிடித்து வீடியோ எடுத்தார். பழனியப்பன் புதுத் துண்டு போட்டிருந்தார். பூட்டுக்குச் சூடம் காட்டினார்கள். சாவியை நுழைத்தேன். திருப்பினேன். அசையவில்லை.

"சாபமுங்க" என்றார் ஒருவர்.

"சாபமில்ல, துரு" என்று சரசு இன்னும் எண்ணெய் ஊற்றினாள். இரண்டு பேரும் சேர்ந்து திருப்பினோம். உள்ளே ஏதோ நகர்ந்தது. பூட்டு வாயைத் திறந்தது.

கதவைத் தள்ளினோம். கத்தியது. பாதி திறந்ததும் உள்ளே இருந்து சரசுவின் ஆடுகள் வரிசையாக நடந்து வெளியே வந்தன. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயின.

எல்லோரும் கைதட்டினார்கள். சரசு தட்டவில்லை. இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை.

"என்னடி சிரிப்பு?" என்று பழனியப்பன் பல்லைக் கடித்தார்.

"எங்க மாமியா சொன்னது சரியாப் போச்சு. நான்தான் நம்பாமப் போயிட்டேன்." ஊரைப் பார்த்துத் திரும்பினாள். "கோட்டைக்குள்ள எதுக்குங்க இத்தனை நீளத்துக்குக் கல் தொட்டி? செவுத்துல எதுக்கு இத்தனை வளையம்? ராசாவக் கட்டறதுக்கா? இது தொண்டுப்பட்டி! ஊரு மேஞ்ச மாட்டப் புடிச்சு சர்க்காருல அடைக்கிற எடம். அபராதம் கட்டுனாத்தான் மாடு வரும். காவலுக்கு ஒரு ஆளு இருந்தானாம். ஒருநா மாட்டையெல்லாம் உள்ள போட்டுப் பூட்டிப்போட்டு, வெத்தலை வாங்கீட்டு வாரேன்னு போனவன் வரவே இல்லையாம். மாடு தண்ணியில்லாமக் கத்துது. சாவி இல்ல. இவரு பெரியய்யன்தான் கடப்பாரையக் கொண்டாந்து செவுத்த இடிச்சு அவரு எருதையும் ஊரு மாட்டையும் ஓட்டீட்டுப் போயிட்டாரு. சர்க்கார் செவுத்த இடிச்சது குத்தமல்ல? கேட்டவங்களுக்கு பீரங்கின்னு சொல்லிப்போட்டாங்க!"

 டீக்கடைக்காரர் போனைப் பிடித்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"தொண்டுப்பட்டிக்காரன் வெத்தலைக்குப் போனாப்பல..."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வெற்றிலை வாங்கப் போன இடத்தில் கங்காணி நின்றிருப்பான். தேங்காயும் மாசியும் என்று சொல்லியிருப்பான். கொள்ளுத்தாத்தா மடியில் சாவி இருப்பதைக் கப்பலில்தான் பார்த்திருப்பார். அப்புறம் பிள்ளைகள் கேட்டிருக்கும், இது என்ன என்று. மாட்டுப் பட்டி என்று எந்த மனுஷன் சொல்வான்?

"எங்க கொள்ளுத்தாத்தாதான்" என்றேன்.

கூட்டத்தில் பல்லில்லாத ஒரு பெரியவர் கேட்டார். "அது செரி. போனவரு வெத்தலை வாங்குனாரா இல்லையா? ஊரு இன்னும் காத்துக்கிட்டிருக்குது."

ஊரே வெடித்துச் சிரித்தது. நான் இடுப்பில் இருந்து வெற்றிலைப் பையை எடுத்தேன். பாக்கு, சுண்ணாம்பு, எல்லாம் இருந்தது. பெரியவருக்குக் கொடுத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். கடைசியில் பழனியப்பன் முன்னால் நீட்டினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மாட்டக் காப்பாத்துனது சின்ன விசயமா?" என்றேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

வெற்றிலையை வாங்கினார். மென்றார். வெகுநேரம் கழித்து, "சுண்ணாம்பு கம்மி" என்றார்.

புறப்படும்போது பஸ் வரை வந்தார். "எங்க வேணும்னாலும் சொல்லிக்குங்க அம்மிணி. ஊரு பேர மட்டும் போட்றாதீங்க." சரி என்றேன். சாவியைச் சரசுவிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்குத்தான் அதில் வேலை இருக்கிறது.

ஊர் திரும்பியதும் தோட்டத்தில் கோயில் முன்னால் கூட்டம். வீடியோவைப் போட்டார்கள். பூட்டுத் திறந்தது. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆடுகள் வந்தன.

"ஏக்கா," என்றான் ராமையா, "ராசா கோட்டையிலேருந்து ஆடு வருது?"

திரும்பி வருகிற வழியில் நான் பொய் யோசிக்காமல் இல்லை. ஒன்றும் நன்றாக அமையவில்லை. நடந்ததைச் சொன்னேன். பட்டி, மாடு, வெற்றிலை எல்லாம். அண்ணன் குனிந்துகொண்டார். முதல் காப்பு போய்விட்டது என்று நானும் நினைத்தேன்.

ராமையாவும் சிரிக்கவில்லை. யோசித்தான். சாவியை விசாரிக்க ஒருத்தி போனால் நாளைக்கு வாளை விசாரிக்க ஒருத்தன் போவான். அது அவனுக்கு விளங்கிவிட்டது.

"இருந்தாலும்," என்றான், "சர்க்கார் நம்பித்தானே சாவியக் குடுத்திருக்கான்? மாடுன்னாலும் காவல் காவல்தான். பழக்கத்த மாத்த வேணாம். முதல் காப்பு அங்கயே இருக்கட்டும்."

அவன் வாளைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கீழ் லயத்தில் ஒருத்தி பிள்ளைக்குக் கதை சொல்வதைக் கேட்டேன். கருப்பண்ணன் காத்தது சாதாரண மாடு இல்லையாம். ராசா வீட்டு மாடாம். நான் திருத்தவில்லை. தேயிலைத் தூரில் தேங்காய் இருக்கிறது என்றதை நம்பி வந்த ஜனம். கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும்.

சரசு படம் அனுப்பியிருந்தாள். உடைந்த சுவரை சிமெண்ட் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். கதவில் என் சாவி தொங்குகிறது. ஆடுகள் நன்றாக இருக்கின்றனவாம். அடைத்த இடத்தில் நீல பெயிண்டில் ஒரு போர்டு. பெரிதாக்கிப் படித்தேன்.

"பீரங்கியால் உடைந்த சுவர். சரி செய்யப்பட்டது."

இங்கே சாமித் தட்டில் சாவி இருந்த இடம் காலி. அண்ணன் முதலில் அங்கே வெறும் பொட்டு மட்டும் வைத்தார். பார்க்க நன்றாக இல்லை. இப்போது தினமும் ஒரு வெற்றிலை வைக்கிறோம். கொள்ளுத்தாத்தா வாங்கப் போனது அதைத்தான்.